கரகரப்பைக் கேட்டவன்: ஆரம்பகால ஜாஸ் பியானோவும் ஓர் இடது கையும்

எட்டு மாதமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் ஜாஸ் கார்ட் பழகிக்கொண்டிருக்கிறேன். கூடவே இன்னொரு கிறுக்கும் உண்டு. 1920கள், 30களின் பியானோ ஒலிப்பதிவுகளைப் பெயர் பார்க்காமல் கேட்டு, வாசிப்பது யார் என்று சொல்லிப் பழகுவது. கார்ட் நன்றாகத் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது தானாக வந்துவிடும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தோற்றுப்போன தேர்வு

ஐந்து பேரை எடுத்துக்கொண்டேன். ஜெல்லி ரோல் மார்ட்டன், ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர், ஏர்ல் ஹைன்ஸ், டெடி வில்சன். ஆளுக்கு எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் இருபது விநாடி, மொத்தம் 40. சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே எட்டு சரியாக வரும். எனக்கு 31 வந்தது. தரையில் கால் பாவவில்லை. ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த தேர்வை மகளிடம் விட்டேன். நான் திரையைப் பார்க்கக் கூடாது, அவள்தான் போடுவாள். அவளுக்கு ஜாஸில் ஆர்வம் கிடையாது. ஆனால் அப்பாவைத் தோற்கடிப்பதில் ஆர்வம் உண்டு. என் கோப்புறையிலேயே இருந்த, நான் தேர்வுக்கு எடுக்காத பதிவுகளிலிருந்து துண்டுகளை எடுத்தாள். மார்ட்டன் 1939இல் வாசித்தது, ஜான்சன் 1943இல் புளூ நோட் நிறுவனத்துக்கு வாசித்தது, வாலரின் 1941 பதிவு, இந்த மாதிரி. 40க்கு 13 வந்தது. மார்ட்டனை வாலர் என்றேன். ஜான்சனை வில்சன் என்றேன்.

"அப்பா, நீங்க பாட்டைக் கேக்கவே இல்ல. பின்னாடி வர்ற கரகரப்பைக் கேட்டுச் சொல்றீங்க" என்றாள்.

உண்மைதான். முதல் தேர்வில் என் மார்ட்டன் எல்லாம் 1923, ஜான்சன் எல்லாம் 1921. இரண்டும் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முந்தையவை, தகர டப்பாவுக்குள் வாசித்த மாதிரி இருக்கும். வாலரும் ஹைன்ஸும் 1928-29, மைக்ரோஃபோன் வந்தபின். வில்சன் 30களின் நடுவில், இன்னும் தெளிவு. நான் ஆளை அடையாளம் காணவில்லை, ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் வயதை அடையாளம் கண்டிருக்கிறேன். மென்பொருள் ஆட்களுக்கு இது பழக்கமான வியாதி. படத்தில் இருப்பது ஓநாயா நாயா என்று கண்டுபிடிக்கச் சொன்னால், பின்னால் பனி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஓநாய் என்று சொல்லும் நிரல். அந்த நிரல் நான்தான்.

தட்டு வேறு, ஆள் வேறு

1925க்கு முன்னால் ஒலிப்பதிவு என்றால் ஒரு பெரிய கூம்புக் குழலுக்கு முன் உட்கார்ந்து வாசிப்பது. காற்றின் அசைவே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போட வேண்டும். இதில் பதியும் அதிர்வெண் எல்லை சுமாராக 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரை. பியானோவின் நடு 'சி' 262 ஹெர்ட்ஸ். அதாவது இடது கை வாசிக்கும் கட்டைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை அதிர்வு அந்தத் தட்டில் அநேகமாக இல்லவே இல்லை!

அப்புறம் எப்படிக் கேட்கிறது? 65 ஹெர்ட்ஸ் 'சி'யைத் தட்டினால் 131, 196, 262, 327 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். கீழுள்ளவை அறுந்து போனாலும் மேலே மிஞ்சியவற்றின் இடைவெளியை வைத்து மூளை "இது 65தான்" என்று கட்டிக்கொள்கிறது. பழைய தொலைபேசியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. ஆனாலும் அப்பாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகவே கேட்டது இல்லையா, அதே சங்கதி. ஆக, 1923 தட்டில் இடது கையைக் கேட்பது பாதி காது, பாதி ஊகம். அந்த ஊகத்தைச் செய்ய மூளைக்குப் பழக்கம் வேண்டும்.

இன்னொரு தொல்லை வேகம். எழுபத்தெட்டு சுற்று என்று பெயர்தானே தவிர, அன்றைக்கு எல்லாத் தட்டும் சரியாக 78இல் பதிவானதில்லை. 74இல் பதிந்ததை 78இல் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். கூடவே வாசிப்பவரின் விரலும் ஐந்து சதவீதம் வேகமாகிவிடும். "இவர் படு வேகம்" என்று எழுதுகிற விமர்சகர் சில சமயம் யாரோ ஒரு மோட்டாரைப் பாராட்டுகிறார்.

புத்தகம் சொல்லாத இடது கை

சரி, கார்ட் படித்தேனே, அது ஏன் உதவவில்லை? இங்கேதான் எனக்குக் கற்றல் முறையின் மேலேயே ஒரு விமர்சனம்.

ஜாஸ் பியானோ புத்தகம் எதை எடுத்தாலும் முதல் பாடம் டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7 என்ற வரிசை. அடுத்த பாடம் இடது கையில் வேர்ச்சுரத்தை விட்டுவிட்டு வாசிப்பது. ஜி7 என்றால் ஜி இல்லாமல் எஃப், ஏ, பி, ஈ. கேட்க அழகு. ஆனால் இந்த ஏற்பாடு பில் எவன்ஸ், வின்டன் கெல்லி போன்றவர்கள் வழியாக 1950களின் கடைசியில் நிலைபெற்றது. வேர்ச்சுரத்தை ஏன் விடலாம் என்றால், பக்கத்தில் பாஸ் வாசிக்க ஒருவர் நிற்கிறார். 1923இல் தனியாகப் பியானோ வாசித்தவருக்குப் பாஸ் வாசிப்பவரே அவருடைய இடது கைதான்.

சுரங்களும் வேறு. மார்ட்டன் காலத்து ஒலிப்பதிவில் டி மைனர் 7 வரும் என்று நான் எதிர்பார்த்த இடங்களில் பெரும்பாலும் டி7 இருக்கிறது. ஈ7, ஏ7, டி7, ஜி7, சி என்று ஒவ்வொன்றும் அடுத்ததைத் தள்ளிக்கொண்டே வரும் சங்கிலி ராக்டைமிலிருந்து வந்த சொத்து. 1925இல் வெளியான 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' பாட்டே இந்தச் சங்கிலியின் மேல்தான் நடக்கிறது. முடிவில் சி மேஜர் 7 வராது. வெறும் சி, அல்லது ஏ சேர்த்த சி6. அந்தப் பதிவுகளோடு சேர்ந்து நான் மேஜர் 7 வைத்து வாசித்துப் பார்த்தேன். பாட்டி வீட்டுத் திண்ணையில் சோஃபா செட் போட்டது மாதிரி இருந்தது.

ஆனால் சரியான கார்ட் பெயர் தெரிந்தாலும் ஆள் தெரிவதில்லை. இதுதான் என் முக்கியமான புகார். 'சி7' என்பது ஒரு சுருக்கம், படத்தை ஜேபெக் ஆக்குகிற மாதிரி. எந்தச் சுரங்கள் என்று சொல்லும். எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில், எந்த அடியில், எவ்வளவு அழுத்தத்தில் என்பதை எல்லாம் தூக்கி எறிந்துவிடும். ஆள் இருப்பது அந்த எறிந்த குப்பையில்தான்.

உதாரணம் சொல்கிறேன். ஸ்ட்ரைட் என்கிற பாணியில் இடது கை ஒன்றாம், மூன்றாம் அடியில் கீழே ஆழமான ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, இரண்டாம், நான்காம் அடிக்கு நடுவில் இருக்கும் கார்டுக்குத் தாவும். கீழே தட்டுவது சில பேருக்கு ஒற்றைச் சுரம், சில பேருக்கு ஆக்டேவ், சில பேருக்கு டென்த். டென்த் என்றால் சியும் அடுத்த ஆக்டேவின் ஈயும். இந்த இரண்டு கட்டைகளுக்கும் நடுவே சுமார் 21 செ.மீ. என் கை எட்டுவது அதற்கு ஒரு கட்டை குறைவு. எட்டாதவன் கீழ்ச்சுரத்தை முதலில் தட்டி மேலே உருட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த உருட்டலில் அடி ஒரு நூலிழை தாமதமாகும். வாலரின் கை பெரியது, டென்த்தை அப்படியே அமுக்குவார். கார்ட் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். காதில் ஒன்றில்லை.

ஒரே பாட்டு, வேறு வேறு கை

மகளிடம் தோற்றபின் முறையை மாற்றினேன். வேறு வேறு பாட்டைக் கேட்டால் பாட்டு, தட்டு, காலம் எல்லாம் சேர்ந்து மாறுகிறது. ஒரே பாட்டை வைத்துக்கொண்டு கையை மட்டும் மாற்றிக் கேட்டால்? நல்ல வேளையாக அப்படிப்பட்ட ஜோடிகள் இருக்கின்றன.

முதல் ஜோடி ஒரே ஆளிடமே கிடைக்கிறது. 1938 மே மாதம், வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் ஆலன் லோமாக்ஸ் மார்ட்டனை உட்காரவைத்துப் பேசவும் வாசிக்கவும் சொல்லிப் பதிவு செய்யத் தொடங்கினார். அந்தத் தொடரில் ஸ்காட் ஜாப்லினின் 'மேப்பிள் லீஃப் ராக்' (1899) பாட்டை மார்ட்டன் இரண்டு விதமாக வாசிக்கிறார். ஒன்று செயின்ட் லூயிஸ் ஆட்கள் வாசிப்பது, இன்னொன்று நியூ ஆர்லியன்ஸில் தாங்கள் வாசிப்பது. அதே பாட்டு, அதே கார்ட், அதே பத்து விரல், அதே பதிவுக் கருவி. இதைவிட நல்ல பரிசோதனையை நானே திட்டமிட்டாலும் செய்ய முடியாது.

முதலாவதில் இடது கை கடிகாரம் மாதிரி. கீழே, மேலே, கீழே, மேலே. இரண்டாவதில் இடது கை சும்மா இருப்பதில்லை. திடீரென்று நாலு சுரத்தை ஆக்டேவில் உருட்டி, டிராம்போன்காரர் குழலை இழுப்பது மாதிரி அடுத்த கார்டுக்குள் நுழையும். கடைசிப் பகுதியை முதலில் டாங்கோ தாளத்தில் வாசித்துவிட்டு, மறுமுறை அதையே ஸ்டாம்ப் ஆக்கி அடிக்கிறார். ஒரு பியானோவுக்குள் ஒரு பேண்டையே உட்கார வைத்திருக்கிறார். அந்த ஆக்டேவ் உருட்டல்தான் மார்ட்டனின் கையெழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' பாட்டை 1923, 1926, 1939 என்று மூன்று பதிவிலும் கேட்டேன். மூன்று விதக் கரகரப்பு, ஒரே இடது கை. முதல் முறையாக ஆளைக் கேட்டேன் என்று தோன்றியது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. செயின்ட் லூயிஸ் பாணி என்று அவர் வாசிப்பது, முப்பது சொச்சம் ஆண்டு கழித்து, ஜாஸைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று சாதித்துக்கொண்டிருந்த மனிதரின் நினைவு. எதிராளியைக் கொஞ்சம் மரக்கட்டையாகக் காட்டுவதில் அவருக்கு லாபம் இருக்கிறது. ஜாப்லினே அடித்த 1916 பியானோ ரோலோடு ஒப்பிடலாமே என்றால், ரோலில் இருப்பது காகிதத்து ஓட்டை. எந்தச் சுரம், எப்போது என்பது தெரியும், விரலின் அழுத்தம் தெரியாது. ஓட்டையைப் பின்னால் திருத்தவும் முடியும். ஆகவே மார்ட்டன் யார் என்பதற்கு இது நல்ல சாட்சி, ஜாப்லின் யார் என்பதற்கு அவ்வளவு நல்ல சாட்சி இல்லை.

இரண்டாவது ஜோடி 'கரோலினா ஷவுட்'. ஜான்சன் 1921, வாலர் 1941. நியூயார்க்கில் அந்தக் காலப் பியானோக்காரர்களுக்கு இது ஒரு நுழைவுத் தேர்வு. டியூக் எலிங்டன் பியானோ ரோலை மெதுவாகச் சுழலவிட்டு, தானாக அமுங்கும் கட்டைகளின் மேல் தன் விரலை வைத்தே இதைக் கற்றார். ஜான்சனின் இடது கையைக் கவனியுங்கள். கீழ்-மேல், கீழ்-மேல் என்று போய்க்கொண்டிருப்பது திடீரென்று கீழ்-கீழ்-மேல், கீழ்-கீழ்-மேல், கீழ்-மேல் என்று மாறும். எட்டு அடியை மூன்று, மூன்று, இரண்டு என்று உடைக்கிறார். தகதிமி, தகதிமி என்று போனதைத் தகிட, தகிட, தக என்று மாற்றிப் பாருங்கள், புரியும். கார்ட் மாறவே இல்லை, தரை மட்டும் நகர்கிறது. வாலர் ஜான்சனிடமே பாடம் கேட்டவர். அவரிடமும் இந்த வித்தை உண்டு. ஆனால் ஜான்சனிடம் அது ஓர் இடறல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். வாலரிடம் மெத்தையில் குதிப்பது மாதிரி சீராகப் போய்விடும்.

'ட்ரம்பெட் பாணி' என்ற பெயர்ப்பலகை

ஹைன்ஸைப் பற்றி எதைப் படித்தாலும் 'ட்ரம்பெட் பாணி' என்ற சொல் வந்துவிடும். வலது கையில் ஆக்டேவ் வைத்து, ட்ரம்பெட் மாதிரி உரத்து மெட்டை வாசிப்பார் என்று அர்த்தம். தப்பில்லை. ஆனால் இந்தப் பெயர்ப்பலகை நம் காதை வலது கைக்கே இழுத்துக்கொண்டு போகிறது. நான் வில்சனையும் ஹைன்ஸையும் திரும்பத் திரும்பக் குழப்பியது இதனால்தான். வில்சனுக்கும் வலது கை ஆக்டேவ் தெரியும்.

இடது கையைக் கேட்டால் குழப்பம் தீர்ந்தது. வில்சனின் இடது கை டென்த்துகளை வைத்துக்கொண்டு, சாப்பிட்டபின் வராந்தாவில் நடப்பது மாதிரி மெல்ல நடக்கும். ஹைன்ஸின் இடது கை பாதி வழியில் காணாமல் போய்விடும். தாளத்தை நட்டாற்றில் விட்டுவிட்டு, இரண்டு கையும் வேறு ஏதோ சண்டைக்குப் போய்விட்டு, சரியாக அடுத்த முதல் அடிக்கு ஒன்றுமே நடக்காதது மாதிரி திரும்பி வரும். 1928 டிசம்பர் 5ஆம் தேதி சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவரும் மட்டும் பதிவு செய்த 'வெதர் பேர்ட்' இதற்குச் சாட்சி. டிரம் இல்லை, பாஸ் இல்லை. கடைசியில் இருவரும் மாறி மாறி வீசிக்கொள்ளும் இடத்தில் யாருமே தாளம் போடவில்லை, ஆனால் தாளம் தப்பவில்லை.

லில் ஹார்டினுக்கு ஒரு நியாயம்

அதே மெட்டு ஐந்தாண்டுக்கு முன்னாலேயே பதிவாகியிருக்கிறது. 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட், இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் ஊரில் ஜெனட் நிறுவனத்துக்காக வாசித்த 'வெதர் பேர்ட் ராக்'. ரயில் பாதையை ஒட்டிய ஸ்டூடியோ, ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டும். ஆம்ஸ்ட்ராங் இதிலும் இருக்கிறார். பியானோ லில் ஹார்டின்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு "ஹைன்ஸ் எங்கே, லில் எங்கே" என்று நானும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அவரைப் பற்றி விமர்சகர்கள் பலரும் இப்படித்தான், வெறும் டங் டங் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது அந்த வரியை அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

அந்த அறையில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்று பாருங்கள். பேபி டாட்ஸ் பெரிய டிரம்மை உபயோகிக்கவில்லை, அந்த அதிர்வை மெழுகு தாங்காது. மரக்கட்டைத் தட்டல்தான். பாஸ்காரரான பில் ஜான்சன் பாஸை வைத்துவிட்டு பாஞ்சோ வாசிக்கிறார். இரண்டு கார்னெட், ஒரு கிளாரினெட், ஒரு டிராம்போன் நாலும் சேர்ந்து நாலு திசையில் ஓடுகின்றன. அத்தனை பேருக்கும் இப்போது எந்தக் கார்டில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு பாஞ்சோவுக்கும் பியானோவுக்கும்தான். லில் நாலு அடிக்கும் நாலு கார்ட் அடிக்கிறார். அலங்காரம் இல்லை. அதை மனத்துக்குள் எடுத்துவிட்டுக் கேளுங்கள், மேலே ஓடுகிறவர்களுக்குக் கீழே தரை இருக்காது.

லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர், சிகாகோவில் இசைக்கடையில் நோட்டைப் பார்த்து வாசித்துக் காட்டும் வேலை செய்தவர். முதல் முறை நியூ ஆர்லியன்ஸ் பேண்ட் ஒன்றில் சேர்ந்தபோது நோட்டு எங்கே என்று கேட்டாராம். இல்லை என்றார்கள். எந்தச் சுருதி என்று கேட்டாராம். அதெல்லாம் எதற்கு, இரண்டு தட்டுத் தட்டுவோம், நீ ஆரம்பி என்றார்கள். இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காகிதத்திலிருந்து காதுக்கு ஒரே நாளில் குதித்த பெண். எட்டு மாதமாகக் குதிக்க முடியாமல் நிற்கிற நான் அவருக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்!

தனிக்கச்சேரியின் அளவுகோலை வைத்துப் பக்கவாத்தியக்காரரை அளப்பது நம் ஊரிலும் நடப்பதுதான். ஹைன்ஸின் இடது கை ஓடிப்போகலாம், கேட்க ஆம்ஸ்ட்ராங் ஒருவர்தான் இருக்கிறார். லில்லின் கை ஓடிப்போனால் ஆறு பேர் கிணற்றில் விழுவார்கள்.

இப்போது எப்படிக் கேட்கிறேன்

ஒரு சின்ன நிரல் எழுதினேன். எல்லாத் துண்டுகளையும் 300 முதல் 2,500 ஹெர்ட்ஸுக்குள் வெட்டி, எல்லாவற்றின் மேலும் ஒரே கரகரப்பைத் தூவிவிடும். இனிமேல் தட்டின் வயதை வைத்துத் தப்பிக்க முடியாது. முதல் நாள் 40க்கு 14. இரண்டு மாதம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமை 22. பழைய 31ஐவிட இந்த 22 எனக்குப் பெரிது.

இன்னும் குழம்புவது பெரும்பாலும் ஜான்சனும் வாலரும். குருவையும் சிஷ்யனையும் குழப்புவது கரகரப்பைப் பார்த்துக் குழம்புவதைவிடக் கௌரவமான தப்பு என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

பழகும் முறையும் மாறிவிட்டது. கார்ட் பெயரை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, நாலே நாலு அடியை எடுத்து, அதே கார்டை மார்ட்டனின் உருட்டலோடு, ஜான்சனின் உடைப்போடு, வில்சனின் நடையோடு என்று இடது கையால் மட்டும் வாசிக்கிறேன். கன்னாபின்னாவென்று வருகிறது, டென்த் எட்டவே இல்லை. ஆனால் விரல் ஒரு தடவை தடுமாறிய இடத்தைக் காது அப்புறம் விடுவதில்லை. நீங்களும் முயன்று பார்க்கலாம், பியானோ இல்லாவிட்டால் மேசையில் தட்டினாலும் போதும். அந்த இரண்டு 'வெதர் பேர்ட்'களிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் தடவை கேட்கும்போது ஆம்ஸ்ட்ராங் பக்கம் காது போகும், போகட்டும். இரண்டாம் தடவை கீழே கேளுங்கள்.

மகள் அடுத்த தேர்வுக்கு ஆறாவது ஆளாக யாரையோ சேர்க்கப் போகிறாளாம். பெயர் சொல்ல மாட்டேன் என்கிறாள்.